வியாபாரத்தில் முன்னேற நம் பலவீனத்தை எப்படிக் கண்டுபிடித்துத் திருத்துவது?

கேட்டவர் சொந்தக் கடை வைத்திருப்பவராகத்தான் இருப்பார் என்று நினைத்துச் சொல்கிறேன்.

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் 22 வருடமாக மளிகை மொத்த வியாபாரம். உசிலம்பட்டி, மேலூர், சோழவந்தான் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள்தான் வாடிக்கை. உன்னிடம் என்ன குறை என்று அப்போது கேட்டிருந்தால், முன்கோபம் என்று சொல்லியிருப்பேன். உண்மையான குறையை நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வராது.

கண்டுபிடித்தது என் மனைவி. ஒரு சித்திரையில் புதுக்கணக்கு போட உட்கார்ந்தோம். பழைய பேரேட்டில் ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "ஏங்க, இவரு ஒன்றரை வருஷமா ஒத்த ரூபா கட்டல. போன வாரமும் ரெண்டு டின் எண்ணெய் போயிருக்கு. கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை. அவர் வீட்டில் மகள் கல்யாணம், எப்படிக் கேட்பது? இப்படியே எல்லார் கணக்கையும் கூட்டிக்கொண்டு போனதில் மொத்தப் பாக்கி 4 லட்சத்து 60 ஆயிரம்.

ஒரு டின்னில் எனக்கு லாபமாக நிற்பது 30 ரூபாய். 2,000 ரூபாய் டின் ஒன்றுக்குப் பணம் வராவிட்டால், ஈடுகட்ட 67 டின் விற்க வேண்டும். பணம் வராத பில்லுக்கும் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும். வக்கீலிடம் போனால், 3 வருடம் தாண்டிய பாக்கிக்கு வழக்குப் போட முடியாது, அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் அன்றிலிருந்து மறுபடி 3 வருடம் என்றார். என்னிடம் ஒரு கையெழுத்துகூட இல்லை.

ஐம்பது வயதில் குணம் மாறாது. அதனால் கடன் நோட்டு அவள் கைக்குப் போனது. 15 நாள் தவணை, ஒரு சிட்டைக்குப் பணம் வராமல் அடுத்த மூட்டை வண்டியில் ஏறாது. ஆனால் சனிக்கிழமை வசூல் போனை நான்தான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டாள். முதல் வாரம் எண்ணெய் வாங்கியவருக்கு அடித்து, ரிங் போனதுமே வைத்துவிட்டேன். அவரே கூப்பிட்டார். "அண்ணாச்சி, நீங்க கேக்கவே இல்லியே. அதான் கேட்டவுகளுக்கு முதல்ல குடுத்தேன்" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரக்கமில்லாத வியாபாரி என்று சிலர் எழுதுவீர்கள். வீட்டில் சாவு, ஆஸ்பத்திரி என்றால் இன்றும் தவணை தள்ளித்தான் வைக்கிறோம். எங்களுக்குத்தான் யாரும் தள்ளி வைப்பதில்லை. மாசி வீதிகளைத் தோண்டிப் போட்டிருந்த மாதங்களில் லாரி வாசலுக்கு வராமல் சுமைக்கூலியிலேயே லாபம் கரைந்தது. எப்படிப் பிழைக்கிறீர்கள் என்று ஒருவர் விசாரித்திருப்பாரா?

சரி, அது வேறு கதை. அந்த எண்ணெய்க்காரர் இன்றும் என்னிடம்தான் சரக்கு எடுக்கிறார். பழைய பாக்கியில் 11 ஆயிரம் நிற்கிறது. நாளை சனிக்கிழமை.