புல் முளைத்த பிறகும் வெள்ளம் ஏன்?

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தஞ்சோங் துவாலாங்கிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "எங்கள் தோட்ட வீடுகளுக்குப் பின்னால் இருந்த பழைய ஈயக்குட்டையை (வெள்ளீயம் தோண்டிய பள்ளத்தில் நீர் நிறைந்த குட்டை) மூடி, மண்ணை மேடாக்கிப் புல் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் சாயங்கால மழைக்கே அடுப்படி வரை தண்ணீர் வருகிறது. என்ன காரணம்? நாங்கள் என்ன செய்யலாம்?"

அம்மா, அந்தப் பச்சையைப் பார்த்து ஏமாற வேண்டாம். குட்டை உங்களுக்குக் காவலாக இருந்தது. ஐந்து ஏக்கர் குட்டையில் நீர்மட்டம் அரை மீட்டர் ஏற இடமிருந்தாலே ஏறக்குறைய 10 மில்லியன் லிட்டர் தங்கும். இப்போது அந்தத் தண்ணீருக்குப் போக்கிடம் உங்கள் கால்வாய்தான்.

அடுத்தது மண். ஒரு மண்வெட்டி எடுத்து, ரப்பர் மரத்தடியில் ஓரடிக் குழி வெட்டுங்கள். அதே அளவில் நிரவிய மேட்டிலும் ஒன்று. இரண்டிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மரத்தடியில் வேர் போன வழி, மண்புழு துளைத்த வழி என்று தண்ணீர் இறங்க ஆயிரம் வாசல் உண்டு. மேட்டில் மண்வெட்டியே 'ணங்' என்று எகிறும். புல்டோசரும் லாரியும் பலமுறை ஏறி இறங்கியதில் அந்த வாசல்கள் எல்லாம் அடைபட்டுவிட்டன. நான் பார்த்த ஒரு நிலத்தில் மறுநாள் காலையிலும் குழியில் தண்ணீர் அப்படியே நின்றது. ஈயம் அலசிய மாவு போன்ற களிச்சேறு அடியில் இருந்தால் இன்னும் மோசம். புல் மேல்மண் அரிப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். அதன் குட்டை வேர் இறுகிய மண்ணைப் பிளக்காது.

சரி, தீர்வு? மண் காய்ந்திருக்கும்போது, சரிவுக்குக் குறுக்கே ஆழமாக உழுது இளக்க வேண்டும். அப்புறம் மரமும் கொடிப்பயிரும் நட வேண்டும். தோட்டத்தில் நம் பெரியவர்கள் மரவரிசைக்கு நடுவே வெட்டிய மண்குழிகள் நினைவிருக்கிறதா? ஓடும் தண்ணீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்குவதற்குத்தான் அவை. அதே வேலை இங்கேயும் செல்லும். ஆனால் மூடிய குட்டைக்கு ஈடாக ஒரு தேக்கக் குளம் இல்லாமல் முழுப் பலன் கிடைக்காது.

இதை நிலத்துக்காரர்தான் செய்ய வேண்டும். வடிகால் இலாகாவின் மஸ்மா (MSMA) என்ற மழைநீர் மேலாண்மைக் கையேட்டின்படி, மேம்பாட்டுக்குப் பின் வெளியேறும் உச்ச வெள்ளம் முன்பிருந்ததைவிடக் கூடக் கூடாது. மண் வேலைக்கு ஊராட்சி மன்ற அனுமதியும் தேவை. இந்த இரண்டும் கடைப்பிடிக்கப்பட்டனவா என்று ஊராட்சி மன்றத்துக்கு மனு எழுதிக் கேளுங்கள். மழை தொடங்கிய நேரம், வீட்டுக்குத் தண்ணீர் வந்த நேரம், சுவரில் ஏறிய உயரம், மூன்றையும் ஒவ்வொரு முறையும் குறித்துக் கைப்பேசியில் படம் எடுங்கள். அக்டோபர், நவம்பர் மழைக்கு முன் கால்வாயில் படிந்த மணலை அள்ளச் சொல்லி அந்த மனுவிலேயே சேர்த்துவிடுங்கள்.