செவ்வாயில் கிணறு வெட்டலாமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் காட்பாடியில் கெமிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறேன். சொந்த ஊர் பேரணாம்பட்டு பக்கம். கல்லூரிப் போட்டி ஒன்றுக்காக, செவ்வாய் கிரகத்தில் 200 பேர் வாழும் குடியிருப்பை எங்கள் குழு வடிவமைக்கிறது. தண்ணீரும் கழிவுநீரும் என் பொறுப்பு. நடுவர்கள் கொடுத்திருக்கும் சிக்கல் இது: குடியிருப்புக்குக் கீழே உள்ள பனிக்கட்டிதான் ஒரே நீராதாரம். தோண்டப் போகும்போது அதில் உயிருள்ள நுண்ணுயிர்கள் இருப்பது தெரிகிறது. கையிருப்பு 60 நாளைக்குத்தான். இன்ஜினியர் என்ன முடிவெடுப்பார்? நான் பனியைத் தொடக்கூடாது என்றேன். "அப்போ 200 பேரையும் சாகவிடுவியா?" என்று குழுவில் எல்லோரும் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அப்பா பல வருஷமாக டேனரியில் (தோல் பதனிடும் ஆலையில்) வேலை செய்கிறவர். அவரிடம் சொன்னால், "கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்காக மனுஷன் பட்டினி கிடக்கணுமா? இப்படித்தான் எங்க கம்பெனியையும் மூடச் சொன்னாங்க" என்று கோபப்படுகிறார். நான் யார் பக்கம் நிற்பது?
– ஒரு வாசகி, பேரணாம்பட்டு

பதில்:

அன்புத் தங்கைக்கு,

குழுவினர் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர்கள் உங்களை விடமாட்டார்கள். தொட்டி காலி, அடுத்த கப்பல் வர வழியில்லை என்றால் பனியை எடுத்துத்தான் ஆகவேண்டும். 200 பேர் தாகத்தில் சாவதை எந்த இன்ஜினியரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் உங்கள் கணக்கில் அந்த நிலைமை வந்துவிட்டதா? சண்டை போட்டவர்களில் ஒருவராவது பேனாவை எடுத்துப் போட்டுப் பார்த்தார்களா?

"60 நாள் கையிருப்பு" என்றால், ஒருமுறை பயன்படுத்திக் கொட்டிவிடும் தண்ணீரா, சுத்திகரித்துத் திரும்ப எடுப்பதையும் சேர்த்தா? நடுவர்களிடம் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க, துடைத்துக்கொள்ள ஏறக்குறைய 4 லிட்டர். அங்கே சிறுநீர், வியர்வை, மூச்சுக்காற்றின் ஈரம் எல்லாவற்றையும் பிடித்து, 2023-ல் 98 சதவீதம் வரை மீட்டுக் காட்டிவிட்டார்கள். அந்தக் கணக்கில் 200 பேருக்கு நாளொன்றுக்கு 800 லிட்டர் புழங்கும், இழப்பு 16 லிட்டர்தான். வீட்டுக்கு வரும் ஒரு தண்ணி கேன்கூட நிறையாது. 60 நாள் தண்ணீர் காகிதக் கணக்கில் 3,000 நாள் ஓடும். மீட்பு 90 சதவீதம் என்றால் 600 நாள். பூமியிலிருந்து செவ்வாய்க்குக் கப்பல் விட வாகான நேரம் 26 மாதத்துக்கு ஒருமுறைதான், அதாவது ஏறக்குறைய 790 நாள். 90-க்குப் பிழைக்க முடியாது, 98-க்குத் தாராளமாகப் பிழைக்கலாம். பனிக்கு அடியில் இருக்கும் அந்த உயிர்களின் தலையெழுத்து இந்த எட்டு சதவீதத்தில் இருக்கிறது. அது உங்கள் மேஜை மேல் இருக்கும் வேலை.

(ஆறு மாதத்தில் ஒரு பம்ப் கெட்டால் என்ன ஆகும் என்றும் எழுதுங்கள். உதிரி பாகம் இல்லாத 98 சதவீதம் வெறும் பெருமைதான்.)

மூச்சுக்கு ஆக்சிஜன் வேண்டுமே என்பார்கள். அதைப் பனியை உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. செவ்வாயின் காற்றில் 95 சதவீதம் கார்பன் டைஆக்சைடு. நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியில் போன 'மாக்ஸி' என்ற சிறு கருவி, 2021-லிருந்து 2023 வரை அந்தக் காற்றிலிருந்தே மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் எடுத்தது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 800 கிராமுக்கு மேல் தேவை என்பதால், அதை எத்தனை மடங்கு பெரிதாக்க வேண்டும் என்று நீங்களே போட்டுக்கொள்ளலாம். பெரிய வேலைதான், ஆனால் வழி தெரிந்த வேலை.

அப்படியானால் பனியை மொத்தமாகக் கேட்பது யார்? ராக்கெட். திரும்பி வர மீத்தேன் செய்ய ஹைட்ரஜன் வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும், அதுவும் டன் கணக்கில். குடிதண்ணீர் என்று சொல்லித் துளை போட்டுவிட்டு எரிபொருளுக்கு உறிஞ்சுவது எப்படி நடக்கும் என்று, வடாற்காட்டில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திட்டத்தில் இரண்டுக்கும் தனித்தனி மீட்டர் வையுங்கள்.

இனி நான் நிஜமாகப் பயப்படும் இடம். தண்ணீரை எடுப்பதைவிட வெளியே விடுவதுதான் ஆபத்து. செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பு இருப்பதை 2008-ல் பீனிக்ஸ் விண்கலம் கண்டது. மனிதர்களின் தைராய்டுக்கு ஆகாத உப்பு. நீங்கள் ஆர்.ஓ. போட்டு அதைப் பிரிப்பீர்கள். உப்பு சேர்ந்து மிஞ்சும் ரிஜெக்ட் தண்ணீர் எங்கே போகும்? மெக்னீசியம், கால்சியம் பெர்குளோரேட் கரைசல்கள் மைனஸ் 60 டிகிரிக்குக் கீழேயும் உறையாமல் இருக்கக்கூடியவை. வெளியே கொட்டினால் கட்டியாகி நிற்காது, மெல்ல இறங்கிப் பனியைத் தொடும். போகும்போது நம் உடம்பிலிருந்து வந்த பாக்டீரியாவையும் சேர்த்துக்கொண்டு போகும். பூமியிலேயே பெர்குளோரேட்டைப் பயன்படுத்தி வாழும் பாக்டீரியாக்கள் உண்டு. அதன்பிறகு பனியில் கிடைக்கும் உயிர் அந்த ஊருடையதா, நாம் கொண்டுபோய் விட்டதா என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிடும்.

1976-ல் இறங்கிய வைக்கிங் கலங்களைப் புறப்படும் முன் 110 டிகிரிக்கு மேல் அடுப்பில் வைப்பதுபோல் மணிக்கணக்கில் சூடாக்கி அனுப்பினார்கள். 200 பேரை அப்படி வாட்டி அனுப்ப முடியாது, மனிதர்கள் போனால் கிருமியும் போகும். அதனால் உங்கள் கட்டுப்பாடு முழுவதும் சுவரிலும் குழாயிலும்தான் இருக்க வேண்டும். அதே சுவர்தான் அங்குள்ள உயிர் உள்ளே வந்து உங்கள் 200 பேருக்கு நோய் தராமலும் பார்த்துக்கொள்ளும்.

கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்காக இவ்வளவா என்றால், ஆம், இவ்வளவு செய்கிறார்கள். கோள்களைக் கெடுதலான முறையில் மாசுபடுத்தக்கூடாது என்று 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் 9-ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியாவும் அதில் இருக்கிறது. 2003-ல் கலிலியோ கலத்தை வியாழனுக்குள்ளேயே விழவைத்து எரித்தார்கள், தவறிப்போய் அது யூரோப்பா நிலாவில் விழுந்துவிடக்கூடாது என்று. 2017-ல் காசினி கலத்துக்கும் சனிக் கோளில் அதே முடிவு. நம் ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்துக்கும் இந்த வானத்தில் பங்கு உண்டு: 1972 ஜூன் 7 அன்று வியாழனின் கனிமீட் நிலா ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதற்கு மெல்லிய காற்றுமண்டலம் இருப்பதற்கான அடையாளம் அங்கும் ஜாவாவிலும் பதிவானது. அந்த நிலாவின் பனிக்கு அடியில் உப்புக்கடல் இருப்பதாக இப்போது கருதுகிறார்கள். அங்கேயும் ஒருநாள் யாராவது குழாய் இறக்குவார்கள்.

அப்பாவிடம் வருவோம். அவர் கோபத்தைத் தள்ளிவிடாதீர்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று டேனரிக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை முழுக்கப் படியுங்கள். உங்கள் போட்டிக்கு அதைவிட நல்ல பாடநூல் கிடையாது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர், பாழான நிலம் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் என்று அதில் இருக்கிறது. கேடு வராது என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துகிறவருடையது என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கை, இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதிதான் என்று நீதிமன்றம் சொன்னதும் அந்தத் தீர்ப்பில்தான். செவ்வாயில் குடியேறுகிறவர் மேலும் அதே சுமையை வையுங்கள்.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையம் கட்டுங்கள் என்று டேனரிகளிடம் ஏறக்குறைய பத்து வருஷம் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். பாலாற்றைக் கொல்லுவோம் என்று யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. செலவைத் தள்ளிப்போட்டார்கள், அவ்வளவுதான். தள்ளிப்போட்டவர்கள் ஒருபுறம் இருக்க, கடைசியில் "சோறா, ஆறா" என்ற கேள்வி வந்து நின்றது உங்கள் அப்பா மாதிரி கூலி வாங்குகிறவர்கள் முன்னால். அந்தக் கேள்வியை அவர் உண்டாக்கவில்லை. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக இழப்பீடு, மீட்பு என்று மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. உங்கள் 60 நாள் சிக்கலும் அப்படிப்பட்டதுதான். கையிருப்பு 60-க்கு இறங்கும்வரை பனியைச் சோதிக்காமல் ஆட்களை இறக்கியவர் யார் என்பதை உங்கள் அறிக்கை கேட்கட்டும்.

என் யோசனை: முதலில் இயந்திரங்கள் போகட்டும். துளையிட்டுச் சோதித்து, இரண்டு கப்பல் பருவத்துக்கான தண்ணீரை உயிர் இல்லாத பனியிலிருந்து சேர்த்த பிறகே மனிதர்கள். உயிர் இருக்கும் பனியைச் சுற்றித் தொடாத எல்லை ஒன்று. நெருக்கடி வந்தால் ஒரே ஒரு துளை, எடுத்த எதையும் திரும்ப உள்ளே விடக்கூடாது, மற்ற இடம் அப்படியே இருக்கட்டும். உப்பைக் காயவைத்து மூட்டை கட்டி, எங்கே அடுக்குவது என்று வரைபடத்திலேயே காட்டுங்கள். அந்த மூட்டையை மறந்த குழுதான் பெரும்பாலும் எதிரே உட்கார்ந்திருக்கும்.

அதை வரைவதற்கு முன் ஒருநாள் அப்பாவோடு ஆம்பூர் அல்லது வாணியம்பாடி பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்கு அனுமதி வாங்கிப் போய்வாருங்கள். டேனரிக் கழிவுநீரிலிருந்து குரோமியம் எப்படிப் பிரிகிறது என்பதை எல்லோரும் விளக்குவார்கள். நீங்கள் ஆவியாக்கும் கூடத்தில் வேலை செய்கிறவரைத் தேடிப்பிடித்து, மிஞ்சும் உப்பு எங்கே போகிறது என்று கேளுங்கள். அப்பாவையே கேட்கச் சொன்னால் இன்னும் நல்லது, அவருக்குத் தெரிந்த முகம் அங்கே யாராவது இருப்பார்கள்.