19 நாள் நிறுத்திய பிறகு ஏன் மறுபடி?

கேள்வி: வயது 38. பதினைந்து வருடமாக தினமும் ஒரு பாக்கெட் சிகரெட். போன மாதம் நிறுத்தி 19 நாள் தாக்குப்பிடித்தேன். மேலதிகாரியோடு ஒரு வாக்குவாதம். வெளியே வந்து ஒன்றைப் பற்றவைத்தேன். மறுநாளே பழையபடி ஆகிவிட்டது. எனக்கு மனஉறுதி இல்லையா டாக்டர்? ஒரே அமர்வில் ஹிப்னாடிசத்தால் நிறுத்தித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஹிப்னாடிசம் மற்ற வழிகளைவிட மேலானது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. லேசர் சிகிச்சை, ஆளுக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடி என்று இந்த வரிசை நீளம். பணம் போவதைவிட எனக்குக் கோபம் வருவது அடுத்து நடப்பதில்தான். பலிக்காதபோது "உங்களுக்கு மனஉறுதி போதாது" என்று பழியை உங்கள் தலையில் கட்டி, அடுத்த அமர்வுக்கும் பணம் கேட்பார்கள். ஏற்கெனவே உங்களை அரித்துக்கொண்டிருக்கும் சந்தேகம் அது.

19 நாள் இருந்தவருக்கு மனஉறுதி இல்லாமலா? நிகோடின் கிடைக்காமல் உடம்பு படும் பாடு முதல் மூன்று நாளில்தான் உச்சம். அதைத் தாண்டிவிட்டீர்கள். உங்களைச் சாய்த்தது பழகிய இணைப்பு. பாக்கெட்டுக்கு 20 சிகரெட், ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு என்றால் நாளைக்கு 200, வருடத்துக்கு 73,000. ஒவ்வொன்றும் சில நொடிகளில் மூளையைத் தொடுகிறது. கோபம் வந்தால் சிகரெட் என்று மூளை இத்தனை முறை பாடம் படித்திருக்கிறது. நிறுத்தி ஆறு மாதமான ஒருவர் என் எதிரே பேசிக்கொண்டிருந்தார். போன் அடித்ததும் எழுந்து சன்னல் பக்கம் போனார். கை சட்டைப் பையைத் தடவியது. பை காலி. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

சிகரெட் டென்ஷனைக் குறைப்பதாகத் தோன்றுவதும் இதில் சேர்ந்ததுதான். ரத்தத்தில் நிகோடின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகிறது. அப்போது வரும் எரிச்சலைத்தான் அடுத்த சிகரெட் தணிக்கிறது. நிறுத்திச் சில வாரம் தாண்டியவர்களுக்குப் பதற்றம் முன்பைவிடக் குறைகிறது.

உண்மையான சறுக்கல் மறுநாள் நடந்தது. ஒன்று பிடித்ததும் "எல்லாம் போச்சு" என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அந்த ஒன்றோடு நின்றிருந்தால் இருபதாம் நாளும் உங்கள் கணக்கில் சேர்ந்திருக்கும்.

இதையெல்லாம் உங்களிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டில் "புகைப்பழக்கம்: உண்டு" என்று எழுதுவார்கள், "நிறுத்துங்க" என்பார்கள், அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார்கள். காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்று கேட்க அரை நிமிடம் ஆகாது. அரை மணி நேரத்துக்குள் என்றால், சிகரெட்டுக்குப் பதிலாக மெல்லும் நிகோடின் சூயிங்கம் 4 மி.கி. வேண்டும், அதற்குப் பிறகு என்றால் 2 மி.கி. போதும். மெல்லும் முறையையும் காட்டித் தருவதில்லை. நாலைந்து முறை மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்று, விக்கலும் குமட்டலும் வந்து, எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தூக்கிப் போட்டவர்கள் எத்தனையோ பேர்.

நீங்கள் வேறு மருந்து எதையும் குறிப்பிடவில்லை, இருந்தும் இதைச் சொல்லாமல் விட முடியாது. மனநோய்க்குத் தரும் ஓலான்சபின் அல்லது க்ளோசபின் சாப்பிடுகிறவர்கள், சிகரெட்டை நிறுத்தும் தேதியை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சிகரெட் புகை இந்த மருந்துகளைக் கல்லீரல் வேகமாக அழிக்கும்படி செய்கிறது. புகை நின்றதும் அதே மாத்திரை ரத்தத்தில் கூடுதலாகத் தங்கி, மயக்கம், அளவு மீறிய தூக்கம் வரும். க்ளோசபின் என்றால் ஆபத்தாகவே முடியலாம். காரணம் புகை, நிகோடின் அல்ல. அதனால் தோலில் நிகோடின் பட்டை ஒட்டியிருந்தாலும் இது நடக்கும். நீங்களாக மாத்திரையைக் குறைக்கவும் கூடாது. மறுபடி புகைக்கத் தொடங்கினால் மருந்து போதாமல் நோய் திரும்பலாம், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். காபியும் இப்படித்தான்: நிறுத்திய வாரத்தில் படபடப்பு என்றால் காபியைப் பாதியாக்குங்கள்.

இந்த வாரத்திலேயே ஒரு தேதி குறியுங்கள். மேலதிகாரி மாறப்போவதில்லை, அடுத்த வாக்குவாதம் வரும். அவர் அறையை விட்டு வெளியே வந்ததும் எந்தப் பக்கம் நடப்பது, யாரைக் கூப்பிடுவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். அந்த வேட்கை சில நிமிடங்களில் தணிந்துவிடும். சூயிங்கத்தை மேசை இழுப்பறையில் வைக்காதீர்கள். சிகரெட் இருந்த அதே சட்டைப் பையில் வையுங்கள்.