சிமுலேஷன் ரிப்போர்ட்டில் ஒன்று, மீட்டரில் வேறொன்று: யாரைப் பிடிப்பது?

கேள்வி: எங்கள் ஐந்து மாடி அலுவலகக் கட்டடம் திறந்து இரண்டு ஆண்டு முடிந்துவிட்டது. கட்டுவதற்கு முன்பே கணினியில் சிமுலேஷன் செய்து, சூடாக்கவும் குளிர்விக்கவும் ஆண்டுக்கு இவ்வளவு யூனிட் ஆகும் என்று ரிப்போர்ட் கொடுத்தார்கள். மீட்டரில் அதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் ஓடுகிறது. கேட்டால், "உங்கள் ஆட்கள் தெர்மோஸ்டாட்டில் கை வைக்கிறார்கள்" என்கிறார் ரிப்போர்ட் கொடுத்தவர். இன்னொரு நிறுவனம், "புதிதாக சிமுலேஷன் செய்து தருகிறோம், 30 சதவீதம் மிச்சம் உறுதி" என்கிறது. யாரை நம்புவது?

பதில்: இப்போதைக்கு இருவரையும் ஓரமாக உட்கார வையுங்கள். எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். உங்கள் கட்டடத்தின் கதை மீட்டரில்தான் இருக்கிறது. அதைப் படிக்கக் கணினி தேவையில்லை, அதிகாலை 2 மணிக்கு மீட்டரைப் பார்க்க ஓர் ஆள் போதும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். எனர்ஜி பிளஸ் போன்ற மென்பொருள் ஓர் ஆண்டின் 8760 மணி நேரத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து, சுவர் வழியே வருவது, கண்ணாடி வழியே வருவது, ஆட்கள், விளக்கு, கணினி விடுவது என எல்லா வெப்பத்தையும் கூட்டிக் கழிக்கிறது. அந்தக் கணக்கில் பெரும்பாலும் பிசகு இருக்காது. பிசகு அதற்கு ஊட்டிய தகவலில். மெஷின் காலை 7 மணிக்கு ஓடும், மாலை 7 மணிக்கு நிற்கும், சனி ஞாயிறு ஓடாது, மூடு என்றால் வால்வு முழுக்க மூடும், ஃபில்டர் எப்போதும் சுத்தமாக இருக்கும். இப்படிச் சமர்த்தான ஒரு கட்டடத்துக்கு வந்த விடையைத்தான் உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். வானிலைகூட உண்மையில் நடந்த ஓர் ஆண்டு இல்லை. ஜனவரியை ஓர் ஆண்டிலிருந்தும் பிப்ரவரியை வேறோர் ஆண்டிலிருந்தும் எடுத்து ஒட்டிய சராசரி ஆண்டு.

இதை அந்தத் துறையே ஒளிக்கவில்லை. ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கம் வெளியிட்டு, பல நாடுகளில் பின்பற்றும் 90.1 என்ற கட்டட எரிசக்தித் தரத்தின் ஜி பிற்சேர்க்கை, இந்த முறையில் வரும் எண் உண்மையான செலவின் முன்கணிப்பு அல்ல என்று தானே எழுதி வைத்திருக்கிறது. இரண்டு வடிவமைப்புகளை ஒப்பிட்டு எது தேவலை என்று பார்க்கத்தான் அது. ஆனால் விற்பவர் அந்த வரியைப் படித்துக் காட்டமாட்டார். வண்ண வண்ணப் படத்தோடு வரும் பக்கத்தை மட்டும் நீட்டுவார்.

சரி, என்ன செய்வது? ரிப்போர்ட் கொடுத்தவரிடம் உள்ளீட்டுப் பக்கங்களைக் கேளுங்கள். எத்தனை பேர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, என்ன வெப்பநிலை, எவ்வளவு வெளிக்காற்று என்ற பட்டியல் அது. காசு கொடுத்தது நீங்கள், கேட்க உரிமை உண்டு. தர மறுத்தால் அதிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது.

அப்புறம் மீட்டர். வாரத்துக்கு 168 மணி நேரம். தினம் 12 மணி என்று ஐந்து நாள் வேலை செய்தால் 60 மணி. மிச்சம் 108 மணி நேரம் கட்டடம் தூங்க வேண்டும், ரிப்போர்ட்டில் தூங்குகிறது. உங்களுடையது தூங்குகிறதா? செவ்வாய் பகல் 11 மணிக்கு ஒரு மணி நேரம் ஓடிய யூனிட்டையும், ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு ஒரு மணி நேரம் ஓடிய யூனிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சர்வர் அறை இருந்தால் அதைக் கழித்துவிடுங்கள். அதற்குப் பிறகும் ராத்திரி எண் பகலில் பாதியைத் தொட்டால், சிமுலேஷனை மறந்துவிட்டு டைமரைத் தேடுங்கள்.

நான் பார்த்தவரை பெரும்பாலும் கதை ஒன்றுதான். காற்று அனுப்பும் பெரிய மெஷினின் பேனலில் "ஹேண்ட்", "ஆஃப்", "ஆட்டோ" என்று ஒரு திருகு இருக்கும். "ஆட்டோ"வில் மெஷின் டைமர் சொன்னபடி ஓடும், "ஹேண்ட்"டில் நிற்காமல் ஓடும். எப்போதோ ஒரு சனிக்கிழமைக் கூட்டத்துக்காக யாரோ அதை "ஹேண்ட்"டுக்குத் திருப்பியிருப்பார். கூட்டம் முடிந்தது, ஆள் வேலையை விட்டே போய்விட்டார், திருகு இன்னும் "ஹேண்ட்"டிலேயே. மெஷின்களைக் கட்டுப்படுத்தும் கணினி மானிட்டரில் பார்த்தால் அட்டவணை அழகாக 7 முதல் 7 வரை என்று காட்டும், மெஷின் அதைக் காதில் வாங்காது. மின்விசிறி வேகமும் இப்படித்தான். ஒரு மூலை அறையில் புழுக்கம் என்று புகார் வந்ததும் வேகத்தை 100 சதவீதத்தில் பூட்டிவிடுவார்கள். விசிறி இழுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 80 சதவீத வேகத்தில் 0.8 × 0.8 × 0.8, அதாவது ஏறக்குறைய பாதி மின்சாரம் போதும். அந்தப் பாதியை ஒரு மூலை அறை தின்றுகொண்டிருக்கிறது.

இதைவிட மோசமானது, சூடாக்குவதும் குளிர்விப்பதும் ஒரே நேரத்தில் நடப்பது. சுடுநீர் வால்வு தேய்ந்து முழுக்க மூடாமல் போனால், காற்று கடந்து போகும் சுடுநீர்க் குழாய்ச் சுருள் அதைச் சூடாக்கும், அடுத்த குளிர்நீர்ச் சுருள் அதையே குளிர்விக்கும். அறையில் வெப்பநிலை கச்சிதமாக இருக்கும், ஒருவர்கூடப் புகார் சொல்லமாட்டார். ஒரு கை ஊற்ற, மறு கை இறைக்கிறது. கண்டுபிடிப்பது எளிது. குளிர்விப்பு மட்டும் ஓடும் நாளில், மானிட்டரில் சுடுநீர் வால்வு 0 என்று இருக்கும்போது, அந்தச் சுருளுக்கு முன்னும் பின்னும் காற்றின் வெப்பநிலையை அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னால் நான்கைந்து டிகிரி கூடினால் வால்வு கசிகிறது. குழாயைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், சுட்டுவிடும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், பலர் இதில் ஏமாறுகிறார்கள். புதுக் கட்டடத்தின் முதல் ஆண்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். கான்கிரீட்டும் பூச்சும் தண்ணீர் கலந்து செய்தவை, அந்த ஈரம் காய மாதக்கணக்கில் ஆகும். காய்வதற்கு வெப்பம் செலவாகும். ஈரச் சுவர் காய்ந்த சுவரைவிட எளிதாக வெப்பத்தைக் கடத்தும். குளிர்விக்கும் காலத்தில் அந்த ஈரத்தை ஏசிதான் காற்றிலிருந்து பிழிந்தெடுக்க வேண்டும். போதாக்குறைக்கு, குளிர்காலத்தில் கட்டடத்தை ஒப்படைத்திருந்தால் "சில்லர்" என்ற குளிர்விக்கும் மெஷினை யாரும் முழுப் பாரத்தில் சோதித்திருக்க முடியாது. கோடையில் ஒப்படைத்திருந்தால் சுடுநீர் தரும் பாய்லருக்கு அதே கதை. மாடிகளும் ஒன்றொன்றாகத்தான் நிரம்பியிருக்கும். ஆகவே எல்லா மாடியும் நிரம்பிய பிறகு வரும் 12 மாதத்தை எடுங்கள். உங்களுக்கு இரண்டு ஆண்டு ஆகிவிட்டதால் இரண்டாவது ஆண்டு போதும், முதல் ஆண்டையும் சேர்த்துச் சராசரி போடாதீர்கள். யாராவது முதல் ஆண்டு பில்லை அடிப்படையாக வைத்து "மிச்சம் காட்டுகிறேன்" என்று வந்தால், ஈரம் காய்ந்ததற்கும் அவர் கட்டணம் வாங்கப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

உங்கள் 30 சதவீதக்காரருக்கு வருகிறேன். நிஜ பில்லோடு பொருந்தும்படி சிமுலேஷனைத் திருத்துவது நல்ல முறைதான். மாதக் கணக்கில் மொத்த வித்தியாசம் 5 சதவீதத்துக்குள்ளும், மாதாமாத ஏற்ற இறக்கப் பிழை 15 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்று ஆஷ்ரே 14 வழிகாட்டியில் அளவுகோலே உண்டு. ஆனால் பொருத்த வேண்டியது 12 எண்கள், திருகுவதற்கோ நூற்றுக்கணக்கான அனுமானங்கள். காற்றுக் கசிவை ஏற்றி, மெஷினின் திறனை இறக்கி, பில்லை அச்சாகப் பொருத்திவிடலாம். காரணம் தவறு, விடை சரி. அந்தத் தவறான காரணத்துக்குத்தான் உங்களுக்குப் புது மெஷின் விற்பார்கள். எந்த எண்ணை மாற்றினீர்கள், எதை அளந்து பார்த்து மாற்றினீர்கள் என்று கேளுங்கள். "உறுதி" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எதோடு ஒப்பிட்டு என்று எழுதி வாங்குங்கள். பழைய மீட்டர் கணக்கோடு, வானிலையைச் சரிசெய்து ஒப்பிட்டால் பேசலாம். அவருடைய சிமுலேஷனோடுதான் ஒப்பீடு என்றால், கேள்வித்தாளும் அவருடையது, திருத்துவதும் அவர்.

ஆட்கள் தெர்மோஸ்டாட்டைத் திருகுவதால் செலவு கூடத்தான் செய்யும். ஆனால் ஞாயிறு அதிகாலை 2 மணிக்குத் திருக யார் இருக்கிறார்கள்?

எனக்கு எரிச்சல் எல்லாம் இந்த ஏற்பாட்டின் மேல்தான். காகிதத்தில் வந்த எண்ணுக்குச் சான்றிதழும் கேடயமும் கொடுத்துவிட்டு, அப்புறம் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் நேபர்ஸ் என்ற முறையில் 12 மாத நிஜ மீட்டர் கணக்கை வைத்துத்தான் அலுவலகங்களுக்கு நட்சத்திரம் தருகிறார்கள். செய்ய முடியாத காரியம் இல்லை. வடிவமைத்தவர், கட்டியவர், பராமரிப்பவர் மூவருக்கும் தனித்தனி ஒப்பந்தம் போட்டு, ராத்திரி ஓடும் மெஷினுக்கு எவருமே பொறுப்பில்லை என்று ஆக்கி வைத்திருக்கிறோம்.

ஆகவே முதலில் இரண்டு வார ராத்திரி அளவு, திருகுகள், வால்வுகள். இவற்றைச் சரிசெய்து ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ரிப்போர்ட்டைவிட நிறைய மிஞ்சினால், அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு முதல் சிமுலேஷன் செய்தவரையே கூப்பிடுங்கள். உள்ளீட்டுப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே உங்கள் உண்மை எண்ணை எழுதி, திரும்ப ஓட்டச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.