நட்சத்திரம் மறையும் எட்டு விநாடி: தொலைநோக்கியை விடக் கடிகாரம் முக்கியம்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் எங்கள் மொட்டை மாடியில் கையால் திருப்பும் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி வைத்திருக்கிறேன். நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் ஒரு குறுங்கோள், அடுத்த மாதம் 12 மேக்னிட்யூட் (வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலான) நட்சத்திரம் ஒன்றை எட்டு விநாடி மறைக்கும் என்று மென்பொருள் காட்டுகிறது. இந்த நகர வெளிச்சத்தில் பதிவு செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். கண்ணால் தேடினால் சிரமம்தான். சிஎம்ஓஎஸ் கேமராவை மாட்டினால் 0.2 விநாடி எக்ஸ்போஷரிலேயே நட்சத்திரம் தெரியும். குறுங்கோள் அதைவிட மிக மங்கல் என்பதால், மறையும்போது விளக்கை அணைத்த மாதிரி இருக்கும்.

டாப்சோனியன் வானத்தோடு சுழலாது என்பதுதான் முதல் சிக்கல். நட்சத்திரம் ஒரு நிமிடத்தில் கேமராவின் பார்வையைத் தாண்டிவிடும். கணிப்போ அரை நிமிடம் முன்பின் ஆகலாம். ஆகவே நட்சத்திரத்தைத் தானே பின்தொடரும் மவுண்ட் (தாங்கி) ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே பதிவைத் தொடங்கி, முடிந்த பிறகும் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை நெருங்கியபோது, தமிழ்நாட்டில் நம் காவலூர் வான் ஆய்வகத்திலும் கிரகம் மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி ஒருமுறை மங்கியது பதிவானது. யுரேனஸின் வளையங்கள் அந்த இரவில்தான் தெரியவந்தன. குறித்த நேரத்துக்கு மட்டும் பார்த்திருந்தால் அது கைநழுவியிருக்கும்.

அடுத்தது நேரம். இதில் சமரசமே கூடாது. நட்சத்திர ஒளியில் குறுங்கோளின் நிழல் பூமியின் மேல் விநாடிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வையுங்கள். எட்டு விநாடி மறைந்தால், குறுங்கோளின் குறுக்கே 192 கிலோமீட்டர் நீளக் கோடு ஒன்றை நீங்கள் அளந்துவிட்டீர்கள். கோலாரிலோ ஓசூரிலோ இன்னொருவர் அளந்த கோட்டை இதன் பக்கத்தில் வைத்தால்தான் அதன் உருவம் தெரியும். உங்கள் கடிகாரம் அரை விநாடி பிசகினால் உங்கள் கோடு 12 கிலோமீட்டர் நகர்ந்து உருவமே கோணலாகிவிடும்.

லேப்டாப் கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள். எஸ்.பி. ரோட்டில் ஜிபிஎஸ் மாட்யூல் கிடைக்கும். செயற்கைக்கோள் சிக்கியதும் விநாடிக்கொருமுறை எல்இடி மின்னும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் அதைத் தொலைநோக்கியின் வாயருகே பத்து விநாடி பிடியுங்கள். மின்னும் ஃபிரேம்கள் பளிச்சென்று வெளுக்கும். எந்த விநாடி என்பதை இணையத்தோடு சரிபார்த்த லேப்டாப்பும், அந்த விநாடி எங்கே பிறந்தது என்பதை எல்இடியும் சொல்லும்.

தேதியிலும் கவனம். கணிப்புகள் உலக நேரத்தில் (UTC) இருக்கும்; நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். 14ஆம் தேதி 19:40 என்றால் நமக்கு 15ஆம் தேதி அதிகாலை 1:10. என் முதல் முயற்சியில் ஒருநாள் முன்பே மாடியேறி, மறையவில்லை என்று முடிவுகட்டி, உண்மையான இரவில் தூங்கிவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

சரியான இரவில் காத்திருந்தும் நட்சத்திரம் மறையவில்லையென்றால் பதிவை அழித்துவிடாதீர்கள். நிழல் அல்சூர் வரை வரவில்லை என்பதும் குறுங்கோளின் அளவுக்கு ஓர் எல்லை போடும். மாடியின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு அதையும் ஆய்வாளர்களுக்கு அனுப்பிவையுங்கள்.