பாஸ்கா காலத்தில் கொழும்பில் ஒரு பங்கில் என்ன சேவை செய்யலாம்? உயிர்ப்பு ஞாயிறு முடிந்த பிறகு வேலை ஏதும் இருக்குமா?

உங்கள் கேள்வியின் கடைசி வரி என்னைத் தைத்துவிட்டது. கொழும்புக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம், பங்கில் யாரையும் தெரியாது, புனித வாரத்தில் ஏதாவது சேவை செய்ய ஆசை என்று எழுதிவிட்டு, "இதைத் தவறவிட்டால் உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காதுதானே?" என்று முடித்திருக்கிறீர்கள். இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக ஒரே கத்தோலிக்கப் பங்கில், ஒரே கோயிலைச் சேர்ந்த மக்களோடு, இருப்பவள் நான். பலரும் மனதில் வைத்திருப்பதை நீங்கள் எழுத்தில் கேட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். கோபமாக எழுதுகிறேன் என்று எண்ண வேண்டாம்.

நீங்கள் தம்பியா தங்கச்சியா என்று தெரியவில்லை. மலையகத்திலிருந்தோ வடக்கிலிருந்தோ வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பீர்கள், ஞாயிறு பூசையில் கடைசி வாங்கில் இருந்துவிட்டு, ஆசீர்வாதம் முடிந்ததும் யாரோடும் பேசாமல் பஸ் ஏறிவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். 1996இல் திருமணமாகி மன்னாரிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வந்தபோது நானும் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன். எங்கள் ஊரில் கோயில் மணி அடித்தால் யார் வீட்டுச் சாவு என்று குழந்தைக்கும் தெரியும். இங்கே பக்கத்து வாங்கில் இருப்பவரின் பெயர்கூடத் தெரியாது.

புனித வாரத்தில் எங்கள் பங்கில் ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. குருத்தோலை பின்ன ஒரு கூட்டம், பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்குத் தண்ணீரும் துவாயும் எடுத்துவைக்க ஒரு கூட்டம், சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளுக்கும் தனித்தனி ஆட்கள், 2019 உயிர்ப்பு ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வாசலில் பைகளைப் பார்க்கவும் ஆட்கள். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் தவக்காலம் நாற்பது நாள் என்றால் பாஸ்கா காலம் உயிர்ப்பு ஞாயிறிலிருந்து தூய ஆவியின் பெருவிழாவான பெந்தெகோஸ்தே வரை ஐம்பது நாள். அந்த ஐம்பது நாளில் எங்களில் எத்தனை பேர் மிஞ்சுகிறோம் என்று கேட்டால் பதில் சொல்ல நாவு எழாது.

நாடு பொருளாதார நெருக்கடியில் கிடந்த 2022ஐ உதாரணமாகச் சொல்கிறேன். எரிவாயு இல்லை, பால்மா இல்லை, மண்ணெண்ணெய்க்கு விடியற்காலையிலிருந்து வரிசை. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. பெரிய வியாழனும் சித்திரைப் புத்தாண்டும் அந்த வருடம் ஒரே நாளில், ஏப்ரல் 14இல் வந்தன. மறுநாள் வழக்கம்போலப் பெரிய வெள்ளிக் கஞ்சி. மண்டபத்துக்குப் பின்னால் கல் வைத்து விறகு மூட்டினோம். சிவப்புப் பச்சையரிசி, பயறு, தேங்காய்ப்பால், தொட்டுக்கொள்ள மாசிக் கருவாடு போடாத கட்டைச் சம்பல். கோயில் பாத்திரம் ஒன்றின் அடி ஓட்டையாகிவிட்டதால், பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் ஓர் ஆச்சியிடம் பெரிய அலுமினிய ஏதனம் ஒன்றை இரவல் வாங்கினேன். (கொழும்பு வடக்கில் சின்னச் சின்ன வீடுகள் நெருங்கிக் கிடக்கும் இடத்தைத் தோட்டம் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரருக்கு மரம் செடி நினைவுக்கு வரும்.) அந்த ஏதனத்தின் விளிம்பில் அவருடைய கணவர் பெயரின் முதலெழுத்துகளை ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்தது. கைதவறிப் போகாமல் இருக்க அந்தக் காலத்தில் அப்படிச் செய்வார்கள். கஞ்சி ஊற்ற, கோப்பை கழுவ, வரிசையைப் பார்க்க என்று நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றோம். படங்களும் நிறைய எடுத்தார்கள்.

ஏதனத்தைக் கழுவி என் குசினியில் கவிழ்த்து வைத்தேன். உயிர்ப்பு ஞாயிறு போனது, அடுத்த இறை இரக்க ஞாயிறும் போனது. தையல் வேலை சேர்ந்துவிட்டது, நாளைக்குக் கொடுப்போம் என்று இருந்துவிட்டேன். ஏப்ரல் 28, வியாழக்கிழமை, கொண்டுபோனேன். வெறும் ஏதனமாகக் கொண்டுபோனேன். இரவல் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, ஒரு பிடி அரிசியாவது போட்டுக் கொடு என்று சொல்லி வளர்த்த தாயின் மகள் நான். அந்த அவசரத்தில் அது நினைவில் இல்லை.

ஆச்சி கதவைத் திறந்தார். ஏதனத்தை வாங்கி மடியில் வைத்து, குத்தியிருந்த எழுத்துகளை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். "இரு பிள்ளை, தேநீர் தருகிறேன்" என்றார். எழும்பவில்லை. கால் இரண்டும் வீங்கியிருந்தன. நானே அடுப்படிக்குப் போனேன். புனித வாரத்துக்கு முன் நாங்கள் கொடுத்த உலர் உணவுப் பொதி அங்கே இருந்தது. ஐந்து கிலோ அரிசியில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. பருப்புப் பை பிரிக்கப்படவே இல்லை. சமைக்க மண்ணெண்ணெய் இல்லை. இரண்டு நாள் வரிசையில் நின்று பார்த்து, கால் தாங்காமல் திரும்பி வந்திருக்கிறார். அயல்வீட்டில் அடுப்பு எரியும் நாளில் கொஞ்சம் சுடுதண்ணீர் வாங்கி, வெறுந்தேநீரில் பாணைத் தோய்த்துச் சாப்பிட்டிருக்கிறார். அயலவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களிடம் என்ன இருந்தது அப்போது?

அந்தப் பொதிகளைக் கட்டியவர்களில் நானும் ஒருத்தி. பட்டியலில் ஆச்சியின் பெயருக்கு நேரே சரி அடையாளம் போட்டதும் என் கைதான். அடுப்பு எரியாத வீட்டுக்கு அரிசி கொடுத்துவிட்டு, அந்த வீட்டின் கணக்கை முடித்திருந்தோம். உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு யாராவது ஒருவர் கதவைத் தட்டியிருந்தால் போதும், தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் அங்கே கண்டேன். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று சொல்வீர்கள், இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். திரு இருதயப் படத்துக்குப் பின்னால் ஒரு கடிதம் செருகியிருந்தது. "இதைக் கொஞ்சம் வாசித்துச் சொல் பிள்ளை" என்று ஆச்சி எடுத்துத் தந்தார். ஓர் அரச அலுவலகத்திலிருந்து வந்தது, முழுக்கச் சிங்களத்தில். முதியோர் கொடுப்பனவு, அப்போது 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மாதம் 2000 ரூபாய், தொடர்ந்து வேண்டுமானால் விவரங்களை மீண்டும் உறுதிப்படுத்த வேண்டும் என்று எழுதியிருந்தது. திகதி கடந்து ஐந்து மாதம். பணம் வராமல் நின்றதற்குக் காரணம் படத்துக்குப் பின்னால் இருந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. பெயரைப் பார்த்தாலே தமிழ்ப் பெண் என்று தெரியும். அதே விஷயத்தைத் தமிழில் ஒரு வரி எழுத யாருக்கு என்ன கஷ்டம்? அந்தக் கடிதத்தோடு நானும் ஆச்சியும் மூன்று முறை போய்வந்தோம். முச்சக்கர வண்டிக்குக் கேட்ட காசைப் பெட்ரோல் தட்டுப்பாடு தீர்மானித்த காலம் அது. மூன்றாவது முறை ஒரு சிங்களத் தங்கச்சிதான் பொறுமையாக இருந்து படிவத்தை நிரப்பித் தந்தார். அவருக்கு நன்றி சொல்லாமல் இதை எழுதக் கூடாது. ஆனால் ஒருவருடைய நல்ல மனதை நம்பியா எண்பதை நெருங்கும் ஒரு பெண்ணின் சாப்பாடு இருக்க வேண்டும்? இன்றைக்கும் இதே போன்ற கடிதங்களை மாதத்துக்கு இரண்டு மூன்றாவது வாசித்துக் கொடுக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை, ஏப்ரல் 30, காலைப் பூசைக்குப் போனேன். பாஸ்கா காலத்தில் முதல் வாசகம் திருத்தூதர் பணிகளிலிருந்துதான் வரும், தெரிந்திருப்பீர்கள். அன்று ஆறாம் அதிகாரம். அன்றாடப் பகிர்வில் தங்கள் கைம்பெண்களைக் கவனிக்கவில்லை என்று கிரேக்க மொழி பேசியோர் எபிரேய மொழி பேசியோர்மீது குறைப்படுகிறார்கள். உடனே திருத்தூதர்கள் சபையைக் கூட்டி, அந்தப் பணிக்கென்றே ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்கிறார்கள். ஸ்தேவான் அவர்களில் ஒருவர். எத்தனையோ முறை கேட்ட வாசகம். அன்று முழங்காலில் இருக்க முடியாமல் வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். கைம்பெண், மொழி, சாப்பாடு. இரண்டு நாளுக்கு முன் நான் நின்ற அறையைத்தான் யாரோ வாசித்தது போல இருந்தது.

பூசை முடிந்து மூன்று பெண்களைப் பிடித்துக்கொண்டேன். மே 3, செவ்வாய்க்கிழமை, தொடங்கினோம். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்குச் செவ்வாய்தோறும் போய்வருகிறவர்கள் எங்களில் இருவர், அதனால் நாள் நினைவில் நிற்கும் என்று அதையே வைத்தோம். பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக்குச் சமைக்கும்போது மூன்று சுண்டு அரிசி கூடப் போடுவது, ஒரு பருப்பு, ஒரு மரக்கறி. முற்றம் இருந்த ஒருவர் வீட்டில் விறகடுப்பு. சமைத்த சோறாகவே கொடுப்பது, அரிசியாகக் கொடுப்பதில்லை. பதினொரு வீடுகளுக்குப் பார்சல் கட்டினோம். ஆச்சி தன் ஏதனத்தை மறுபடியும் தந்தார், பருப்புக்கு. கொடுத்துவிட்டு உடனே திரும்புவதில்லை. பத்து நிமிடம் இருந்து, கடிதம் வந்ததா, மருந்து இருக்கிறதா, மகன் பேசினாரா என்று கேட்பது. பெந்தெகோஸ்தே வரை என்று நினைத்துத் தொடங்கியது இன்னும் நடக்கிறது.

இதைப் படித்துவிட்டு, தான் செய்ததைத் தானே பறைசாற்றுகிறாள் என்று சிலர் எழுதுவார்கள். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பது எனக்கும் தெரியும். என் பெயரும் என் பங்கின் பெயரும் இதில் இல்லை. நீங்கள் கேட்டதற்கு என்னிடம் வேறு பதில் இல்லாததால் எழுதுகிறேன். வழிபாட்டை மட்டம் தட்டுகிறேன் என்றும் நினைக்க வேண்டாம். பாஸ்கா திருவிழிப்பில் இருட்டில் ஒற்றை மெழுகுதிரி உள்ளே வரும்போது இன்றும் எனக்குக் கண் நிறையும். பங்குத்தந்தையைக் குறை சொல்லவும் இல்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஒருவர், அவரால் எத்தனை கதவைத் தட்ட முடியும்? வின்சென்ட் டி போல் சபையும் மரியாயின் சேனையும் உயர் மறைமாவட்டத்தின் சமூகப்பணி அமைப்பான செத் சரணவும் செய்கிற வேலைக்கு முன்னால் எங்கள் நான்கு அடுப்பு ஒன்றுமில்லை. பிறகு, சோறு கொடுத்து மதம் மாற்றுகிறீர்களா என்று ஒருவர் என்னிடம் நேரிலேயே கேட்டார். எங்கள் பட்டியலில் சைவக் குடும்பங்கள் இருக்கின்றன, ஒரு முஸ்லிம் வீடு இருக்கிறது. அங்கே செபம் சொல்வதும் இல்லை, செபப் புத்தகம் கொடுப்பதும் இல்லை. சோறுதான் கொடுக்கிறோம்.

உண்மையில் 2019இலேயே நான் இதைக் கற்றிருக்க வேண்டும். ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலை, கொச்சிக்கடை ஆலயத்தில் குண்டு வெடித்தபோது நடந்ததை இங்கே எழுத எனக்கு மனம் இல்லை. கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்கு அது ஒரு செய்தி அல்ல, தெருவில் தெரிந்த முகங்கள். அதற்குப் பிறகு ஞாயிறு பூசைகூட இல்லாமல் போனது, கர்தினால் நிறைவேற்றிய திருப்பலியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். கோயில் பூட்டியிருந்த அந்த வாரங்களில்தான் பங்கு மக்கள் வீடு வீடாகப் போனார்கள். செத்த வீட்டில் இரவில் துணைக்கு இருந்தார்கள், ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோனார்கள், தாயில்லாத பிள்ளைகளுக்குப் பாடசாலைச் சீருடை தைத்தார்கள். ஆறு சோடி நானும் தைத்தேன். அந்த வருடப் பெந்தெகோஸ்தே ஜூன் 9. அந்தோனியார் திருநாளுக்கு முந்தின நாள், ஜூன் 12, கொச்சிக்கடை ஆலயம் மறுபடி திறந்தது. எல்லோரும் அழுதுகொண்டே உள்ளே போனோம். அதன் பிறகு வீடுகளுக்குப் போவது மெல்ல மெல்ல நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று நான் அப்போது கேட்கவில்லை.

இனி உங்களுக்கு. புனித வாரத்தில் கூப்பிட்டால் போங்கள், கஞ்சி ஊற்றுங்கள். ஆனால் அந்த வாரத்தில் யாரும் உங்களிடம் நின்று பேச மாட்டார்கள், அவரவர் ஓட்டத்தில் இருப்பார்கள். இறை இரக்க ஞாயிறு பூசைக்குப் பிறகு போங்கள். கூட்டம் வடிந்திருக்கும். பூசைப் பொருட்கள் வைக்கும் அறைப் பக்கம் போய், நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகிறவர் யார் என்று கேளுங்கள். எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார், யாருக்குப் படியிறங்க முடியாது என்பது அவருக்குத்தான் தெரியும். ஒரு நாள் அவரோடு போய்வந்தால் ஒரு வருட வேலை கைக்கு வந்துவிடும். சிங்களம் வாசிக்கத் தெரிந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள், பணம் கொடுப்பதைவிடப் பெரிய உதவி. பேசக் கூச்சமாக இருந்தால் பார்சலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனால் போதும், மிச்சத்தை அந்த வீட்டு ஆச்சிகள் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த ஏதனத்துக்குரிய ஆச்சி 2024இல் காலமானார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அந்த வருடப் பாஸ்கா மெழுகுதிரியை ஏற்றி வைத்தார்கள். இப்போது பட்டியலில் பதினான்கு வீடுகள். அதில் மூன்று, ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில். மின்தூக்கி வேலை செய்வதில்லை, எங்கள் நால்வருக்கும் முழங்கால் வலி. செவ்வாய் மாலை வேலை முடிந்து வரக்கூடியவர் என்றால் எனக்கு இங்கே ஒரு செய்தி அனுப்புங்கள். அந்த மூன்று பார்சல்களையும் ஏழு மணிக்கு முன் மேலே கொண்டுபோக ஒருவர் வேண்டும்.