பிராசசரைத் தொடும் முன் ரேமைப் பாருங்கள்

கேள்வி: புதிதாக ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்திருக்கிறேன். ஓவர்கிளாக் செய்தால் (பாகங்களை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓடவிட்டால்) வேகம் கூடும் என்கிறார்கள், ஆனால் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரைக்குள்) போனாலே கை நடுங்குகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: ரேமிலிருந்து. பிராசசரைக் கடைசிக்கு வையுங்கள். 3200 என்று போட்ட டிடிஆர்4 ரேம் வாங்கி மாட்டியிருப்பீர்கள், ஆனால் பயாஸில் எதையும் மாற்றவில்லை என்றால் அது 2133, 2400, 2666 என்று ஏதோ ஒரு குறைந்த வேகத்தில்தான் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்தால் இப்போதைய வேகம் தெரியும். பயாஸில் எக்ஸ்எம்பி (ஏஎம்டி போர்டில் டிடிஆர்5 என்றால் எக்ஸ்போ) என்று ஒரு வரி இருக்கும், ரேமை அதில் போட்டிருக்கும் வேகத்துக்குக் கொண்டுபோவது அதுதான், அதை ஆன் செய்து சேமித்து வெளியே வாருங்கள். கம்ப்யூட்டர் உடனே திரை காட்டாவிட்டால் பதறி பவர் பட்டனை அழுத்த வேண்டாம்; டிடிஆர்5 ரேம் முதல் தடவை தன்னைச் சரிசெய்துகொள்ளச் சில நிமிடங்கள்கூட எடுக்கும்.

அப்புறம் எதையும் மாற்றாமல், எச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி வெப்பம் காட்டும் ஒரு மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, பிராசசருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் சோதனையை ஓடவிட்டு வெப்பத்தைப் பாருங்கள். இப்போதே 90 டிகிரியைத் தாண்டுகிறது என்றால் உங்களுக்கு வேண்டியது ஓவர்கிளாக் இல்லை. கூலரைக் கழற்றித் தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றி, கேபினட்டில் காற்று போய்வர வழி செய்யுங்கள். அதற்கே வேகம் கூடும், ஏனென்றால் இன்றைய பிராசசர்கள் சூடு எல்லையைத் தொட்டதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன.

கேள்வி: என்னிடம் இருப்பது பெயரில் கே இல்லாத இன்டெல் பிராசசர், பி760 மதர்போர்டு. முடியுமா?

பதில்: முடியாது. பிராசசர் வேகம் என்பது 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கிளாக்கை ஒரு பெருக்கு எண்ணால் பெருக்கி வருவது, 45 என்றால் 4.5 கிகாஹெர்ட்ஸ். அந்த எண்ணை ஏற்ற இன்டெலில் கே வகைப் பிராசசரும் இசட் வரிசைப் போர்டும் சேர்ந்து இருக்க வேண்டும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலானவை திறந்தே வருகின்றன, பி அல்லது எக்ஸ் வரிசைப் போர்டு போதும். இதற்காகப் புதிதாக எதையும் வாங்காதீர்கள் என்பேன். 1998-ல் வந்த 300 மெகாஹெர்ட்ஸ் செலிரான் 300ஏ-வை 450-க்கு ஏற்றி ஓட்டிய காலம் ஒன்று இருந்தது, பாதிக்குப் பாதி லாபம். இன்று சிப்பில் மிச்சமிருக்கும் அந்த வேகத்தை டர்போ பூஸ்ட் என்ற பெயரில் கம்பெனியே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. ஒரு கோரில் 5.2 கிகாஹெர்ட்ஸ் வரை தானாகப் போகும் பிராசசரை எல்லாக் கோரிலும் 4.9 என்று பூட்டினால் பல விளையாட்டுகளில் நஷ்டம்கூட வரலாம்.

கேள்வி: கிராபிக்ஸ் கார்டை எப்படி ஏற்றுவது?

பதில்: புதியவர்களுக்கு இதுதான் நல்ல இடம். பலன் கண்ணுக்குத் தெரியும், தவறினால் பெரும்பாலும் விளையாட்டு மூடிக்கொள்ளும், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும், அவ்வளவுதான். கார்டின் வேகத்தை மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திறந்து பவர் லிமிட்டை முழுதாக வலது பக்கம் தள்ளுங்கள், தயாரித்தவர்கள் அனுமதித்த எல்லை வரைதான் அது போகும். வோல்டேஜைத் தொடாதீர்கள். கோர் கிளாக்கில் 25 மெகாஹெர்ட்ஸ் கூட்டி, வேகத்துக்கு மதிப்பெண் போடும் ஏதாவது ஒரு பெஞ்ச்மார்க்கை ஓடவிட்டு, மதிப்பெண்ணைத் தாளில் குறியுங்கள். மறுபடி 25. திரையில் வண்ணப் புள்ளிகள் மினுங்கினாலோ டிரைவர் செயலிழந்தாலோ இரண்டு படி கீழே இறங்கி நில்லுங்கள்.

பிறகு மெமரி கிளாக், 100 100 ஆக. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: இப்போதைய பல கார்டுகளில் மெமரி பிழையைத் தானே கண்டுபிடித்து மறுபடி அனுப்பும், அதனால் எல்லை தாண்டினாலும் எதுவும் நின்றுபோகாது, ஆனால் மதிப்பெண் குறையத் தொடங்கும். அதற்குத்தான் தாளில் குறிக்கச் சொன்னேன். எல்லாம் ஒரு வாரம் சரியாக ஓடிய பிறகே இந்த மாற்றங்கள் விண்டோஸோடு சேர்ந்து தொடங்கும்படி வையுங்கள்.

கேள்வி: வீடியோவில் ஒருவர் கொடுத்த வோல்டேஜை அப்படியே போடலாமா?

பதில்: வேண்டாம். ஒரே மாடலில் இரண்டு சிப் ஒன்றுபோல் இருப்பதில்லை. வோல்டேஜின் வர்க்கக் கணக்கில் சிப் மின்சாரம் தின்னும்: 1.2 வோல்ட்டை 1.3 ஆக்கினால், வேகம் மாறாமலே சுமார் 17 சதவீதம் கூடுதல் வெப்பம். அதிக வோல்டேஜ் சிப்பைத் தேய்க்கும் என்பதும் வெறும் பயமுறுத்தல் இல்லை. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில, வேண்டியதைவிட அதிக வோல்டேஜ் கேட்டு வாங்கிப் பழுதாகி, 2024-ல் கம்பெனியே மைக்ரோகோடு (பயாஸ் அப்டேட்டோடு வரும் பிராசசரின் உள் நிரல்) திருத்தம் வெளியிட்டு உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டியது. உங்களிடம் அந்தத் தலைமுறை இருந்தால் முதல் வேலையாகப் பயாஸை அப்டேட் செய்யுங்கள். வோல்டேஜைச் சற்றுக் குறைத்துப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. சூடு இறங்குவதால் பூஸ்ட் தானாகவே அதிக நேரம் நிற்கும்.

கேள்வி: ஏதோ மாற்றினேன், இப்போது திரையே வரவில்லை!

பதில்: மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மறுபடி மாட்டுங்கள். பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

கேள்வி: பத்து நிமிடம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் தாங்குகிறது. எப்போதாவது ஒரு விளையாட்டு மட்டும் மூடிக்கொள்கிறது, ஜிப் கோப்பு விரிக்கும்போது பிழை காட்டுகிறது. விட்டுவிடலாமா?

பதில்: விடவே கூடாது. புளூ ஸ்கிரீன் வந்தால் பிரச்சினை இருப்பது தெரிந்துவிடும். நீங்கள் சொல்வது அதைவிட மோசம், கணக்குத் தப்பாகப் போட்டுவிட்டு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது, அந்தத் தப்பு உங்கள் புகைப்படத்திலும் ஆவணத்திலும் போய் எழுதப்படலாம். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வீயா (WHEA, வன்பொருள் பிழைப் பதிவு) என்ற பெயரில் பிழைகள் விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். முதலில் எக்ஸ்எம்பியை மட்டும் அணைத்து ஒரு நாள் ஓட்டுங்கள், பிழை நின்றால் குற்றவாளி ரேம் பக்கம். நிற்காவிட்டால் பிராசசரின் பெருக்கு எண்ணில் ஒன்றைக் குறைத்து, ராத்திரி முழுக்க டெஸ்டை ஓடவிடுங்கள். அது முடியும் வரை முக்கியமான கோப்புகளை வேறு டிரைவில் நகலெடுத்து வையுங்கள்.